ஒரு முஷ்டி வடக்கே

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு
ஹைகிரவுண்ட் பிணவறை வாசலில்
எலியாசர் தல்காரைக் கையெழுத்திட்டு வாங்கினோம்.
உறவுமுறை என்ற கட்டத்தில்
'கூட ஏறுகிறவன்' என்று எழுதினார் மலுக்கு முகம்மது.
பணகுடிக் காற்றாலையில் பதினோரு வருஷம்
ஒரே கோபுரத்தில் ஏறி இறங்கியவர்கள்.
எனக்கு அவர் யாருமில்லை.
கல்லறைத் தோட்டத்துச் சாவி என்னிடம் இருந்தது,
அவ்வளவுதான்.

தங்கை திர்சா தானேயிலிருந்து
போனில் இருந்தாள்.
பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு ஓய்வுநாள்,
அதற்குள் மண்ணுக்குள் போய்விட வேண்டும்.
ஜமாத்தில் ராத்திரி கூடிப் பேசிச் சொல்வதாகச் சொன்னார்கள்.
எங்கள் கமிட்டி திங்கட்கிழமை கூடும்.
பெயர் வைக்குமுன் போன பிள்ளைகளுக்கென்று
சுவரோரம் விட்ட மூலையில்
ஓர் ஆள் நீளம் கிடந்தது.
சாவியை எடுத்தேன்.
திட்டு திங்கட்கிழமைதானே.

மலுக்கு குளிப்பாட்டினார், நான் தண்ணீர் மொண்டேன்.
"எங்க முறையில வலப்பக்கம் மொதல்ல.
ஒங்களுக்கு எப்படிம்மா?"
பம்பாயில் பழகிய இந்தியில் கேட்டார்.
தலை முதலில், என்றாள். பிறகு வலப்பக்கம்தான்.

வலது கையில் சுண்டுவிரல் இல்லை.
கியர் பெட்டி தின்றது.
அந்த இடத்திலும் மலுக்கு தண்ணீர் விட்டார்,
விரல் இருப்பது போலவே தேய்த்து.

"எந்திரிக்கும்போது அது இருக்குமாவே?"
கேட்டது நான்தான்.

"வெரல் நுனி வரைக்கும்
சேத்து வைப்பேன்னு அல்லா சொல்லுதான்.
நுனி வரைக்கும் வே, ரேகையோட."

திர்சா சொன்னாள்,
முதுகுத்தண்டில் பாதாம் பருப்பளவு ஓர் எலும்பாம்.
தீ தின்னாது, திரிகை அரைக்காது.
மிச்சமெல்லாம் அதிலிருந்து முளைக்குமாம்.
அப்பா சொல்வார்.
எனக்குத் தெரியாது.

உயிர்த்தெழுந்தவர் கையில்
ஆணித் துளை அப்படியே இருந்தது என்றேன் நான்.
"அப்ப ஒங்க கணக்குல வெரல் வராதோ?"
தெரியலவே என்பதற்குள்
வாளி நிரம்பி வழிந்துவிட்டது.

குழியருகே அடுத்த வழக்கு.
எங்கள் ஆட்கள் கிழக்கே கால் நீட்டிப் படுத்திருக்கிறார்கள்,
எழுந்ததும் வருகிறவரைப் பார்க்க.
மலுக்குவின் வாப்பா மேலப்பாளையத்தில்
வலப்பக்கம் ஒருக்களித்து மேற்கே பார்க்கிறார்.
இவருக்கோ கால் எருசலேமைப் பார்க்க வேண்டுமாம்,
எழுந்ததும் நடக்க.
எழுவதில் மூன்று பேருக்கும் சந்தேகமில்லை.

முப்பது வருஷம் சர்வேத்துறையில் சங்கிலி இழுத்தவன் நான்.
மலுக்குவின் போனில் கிப்லா முள் நின்ற இடத்திலிருந்து
கையை நீட்டி, முஷ்டி மடக்கி அளந்தேன்.
ஒரு முஷ்டிக்குச் சற்று மேல், வடக்கே.
"இவ்வளவுதானா?" என்றார் மலுக்கு.
பிறகு,
"எங்களுக்கும் மொதல்ல கிப்லா அதுதான்.
பொறவுதான் திருப்பினது."
திருப்பியதைப் பற்றி நாங்கள் யாரும் மேலே பேசவில்லை.
குழிக்காரர் மாசானம் மட்டும் முனகினார்:
வரிசையே கோணிப்போச்சு.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஜெபம்.
பத்துப் பேர் வேண்டும் அதற்கு.
எண்ணிப் பார்த்தோம்:
ஆம்புலன்ஸ் டிரைவர், காற்றாலைப் பையன்கள்,
மாசானம், அவர் மச்சான், எல்லாருமாகப் பன்னிரண்டு.
"அந்தப் பத்து இல்லை," என்றாள்,
கோபமில்லாமல்.
அந்த ஜெபம் சொல்லப்படவில்லை.
எங்களிடம் இருந்ததை
அதன் இடத்தில் வைக்க எங்களுக்கும் வாய் வரவில்லை.
ஆடிக்காற்று மண்ணை முகத்தில் அடித்தது.

தள்ளி வந்து மலுக்கு சொன்னார்:
"வெரல அவரே பொதச்சாரு.
நாப்பத்தேழாம் நம்பர் கோபுரத்து அடியில.
என்னையத்தான் குழி தோண்டச் சொன்னாரு.
நான் சிரிச்சேன் வே."

மலைக்குப் பின்னால் வெயில் போனது.
மலுக்கு தொழப் போனார்,
போனை மண்மேட்டில் வைத்துவிட்டு.
தானேயில் பொழுது
இன்னும் அரைமணி கழித்துத்தான் விழுமாம்.
அதுவரை அவள் துண்டிக்கவில்லை.
பேசவுமில்லை.
சார்ஜ் பதினொன்று சதவீதம் இருந்தது,
நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.