எட்டுக் கால்

அன்னூர் திருமூர்த்தியின் போர்
ஆயிரத்து நூற்றிருபது அடி.
ஒரே கோடையில் இரண்டு முறை
தண்ணீரில்லாமல் ஓடிக் கருகியது மோட்டார்.
"வெறும் போருல ஓடுனா நிறுத்தோணும்.
அவ்வளவுதானுங்க" என்றார்.

அவ்வளவுதானா என்று
கணபதியில், மாவு மில்லுக்கு மேல்மாடியில்
ஐந்து நாள் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் பெரிய சிப்பைத்தான் எடுத்தேன்.
வைஃபை, புளூடூத், இரண்டு மூளை.
பெரியதை எடுப்பதில் ஒரு சோம்பல் உண்டு:
யோசிக்க வேண்டியதைப்
பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

மேசையில் ஒழுங்காக ஓடியது.
தோட்டத்தில்
ராத்திரி மும்முனைக் கரண்ட் வந்த நொடி
சுற்றுவட்டாரத்து மோட்டாரெல்லாம் ஒன்றாய் எழ,
வோல்டேஜ் குனிந்தது.
என் இரட்டை மூளை அத்தனையும் மறந்து
முதல் வரியிலிருந்து ஆரம்பித்தது;
மறுபடி மறந்தது, மறுபடி ஆரம்பித்தது.
ரிலே டக் டக் டக் என்றது.
டார்ச்சை அணைக்காமலே திருமூர்த்தி சொன்னார்:
"பல்லி சொல்லுதுங்க."

திரும்பும் பஸ்ஸில்
டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினேன்.
கரண்டை அளக்க ஒரு கால்.
ரிலேவுக்கு ஒன்று. பொத்தானுக்கு ஒன்று.
பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு.
ரீசெட். ஐந்து வோல்ட். எர்த்.
கோவில்பாளையம் வருவதற்குள்
எட்டில் முடிந்துவிட்டது.

கிராஸ்கட் ரோட்டில் இருந்தது:
முப்பத்தெட்டு ரூபாய், எட்டே கால்,
எழுதிவைக்க ஒரு கிலோபைட்.
சித்திரை வெயிலில்
தகரப் பெட்டிக்குள் வேகச் சம்மதிக்கும்;
வோல்டேஜ் குனிந்தால் உளறாமல்
வாயை மூடிக்கொள்ளும்.
"ரொம்பப் பழசுங்க மேடம்" என்றார் கடைக்காரர்.
அடுத்த வருசம் கிடைக்குமா என்றேன்.
"பத்து வருசமா அதையேதான் கேக்கறாங்க,
வந்துட்டேதான் இருக்குது."

ஈயம் வைத்து, பெட்டி மூடி,
ஸ்டார்ட்டர் பக்கத்தில் திருகும்போது
திருமூர்த்தி கேட்டார்:
"நின்னுபோனா போனுக்கு
ஒரு மிஸ்டு கால் வருங்ளா?"

எட்டும் தீர்ந்த பிறகு
ஒரு கால் கேட்கிறார்.

பதினான்கு கால் சிப் வாங்கியிருக்கலாம்.
போர்டை மறுபடி வரைந்து, மறுபடி துளையிட்டு,
இன்னும் மூன்று வாரம்;
அதற்குள் மூன்றாவது மோட்டார்.
அன்றிரவு மாவு மில் நின்ற பிறகு
பச்சையையும் சிவப்பையும்
ஒரே காலில் கட்டினேன்.
ஒன்று எரிந்தால் மற்றது அணையும்,
இரண்டும் சேர்ந்து எரிய
எப்போதும் காரணமில்லை
என்பது அதுவரை தோன்றவில்லை.
மிஞ்சிய காலில் சிம் மாட்டிய மோடம்.
கிலோபைட்டில் பதினொரு பைட் பாக்கி.

போன வியாழன் விடிகாலை
மூன்றேகால் மணிக்கு என் போன்
ஒரு முறை அடித்து நின்றது.
சோதனைக்கு எழுதிய என் எண்ணை
அழிக்க மறந்திருக்கிறேன்.

அன்னூரில் தண்ணீர் இல்லை.
மோட்டார் கருகவில்லை.
இரண்டும் ஒரே கால்.

அந்த எண்ணை எடுத்துவிட்டால்
இன்னும் பத்து பைட் மிச்சமாகும்.
இன்னும் எடுக்கவில்லை.