செவிக்கல்

மீனின் காதுக்குள் ஒரு கல் இருக்கிறது.
அரிசிக் குருணை அளவு.
உடைத்து, தேய்த்து, விளக்கடியில் வைத்தால்
ஆண்டுக்கொன்றாய் வளையம்:
ஏரி உறைந்த மாதங்கள் கருங்கோடு,
தின்று கொழுத்த கோடை வெளுப்பு.

முப்பத்தாறு வயதில் இதைப் படிக்கிறேன், மிச்சிகனில்.
பக்கத்து நாற்காலிப் பெண்ணுக்குப் பத்தொன்பது.
"சத்தமாகச் சொல்லட்டுமா?" என்பாள் ஒவ்வொரு முறையும்,
என் இடக்காது ஹெல்மண்டில் போனது தெரியாமல்.
தெரிந்தும் இருக்கலாம்.
அங்கே ஓர் இரைச்சல் மட்டும்
இன்னும் குடியிருக்கிறது, வாடகை தராமல்.

நேற்று ஒரு ட்ரவுட்.
விளிம்பிலிருந்து பின்னோக்கி எண்ணினேன்.
பதினான்காவது வளையம் நான் அங்கிருந்த ஆண்டு.
மற்றவற்றைவிட அகலம்.
நல்ல ஆண்டாம் அதற்கு.
மறுபடி எண்ணி, அட்டவணையில் எழுதி,
வெளியே போய் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன்
அடுத்த வகுப்பு முடியும்வரை.

முதல் நாள் ஆற்றில் இறங்க முடியவில்லை.
பனி உருகிய நீர், கடுந்தேநீர் நிறம்.
தரை தெரியாது.
தரை தெரியாத இடத்தில் கால் வைக்காதே:
இந்த ஒரு பாடத்தால் உயிரோடிருக்கிறேன்.
ப்ரூயெட் அதை மறந்தது அரை நொடி.

மார்லீன் கெஷிக், பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்,
இடுப்பளவு நீரில் வலையின் மறுமுனையோடு நின்றாள்.
வா என்று சொல்லவில்லை.
"எனக்குக் கை மரத்துப் போகிறது" என்றாள்.
இறங்கினேன்.
வெறும் கூழாங்கல். வழுக்கியது. விழுந்தேன்.
வலையை விடாமல் விழுந்ததற்கு
அவள் இன்றும் சிரிக்கிறாள்.

மே மாதம் ஸ்டர்ஜன் முட்டையிட ஏறும் மூன்று வாரமும்
கரையில் காவல். சம்பளம் கிடையாது.
மடக்கு நாற்காலி, பிளாஸ்க், ஒரு நோட்டு.
முட்டைக்கு விலை அதிகம்; திருடர் வரலாம்.
என்னைவிட நீளமான மீன்கள்,
சில என்னைவிட மூத்தவை,
முழங்கால் ஆழத்தில் முதுகு தெரியப் புரள்கின்றன
கதவைத் தாழிடாமல் தூங்குகிறவர்கள் போல.

சனியிரவு பாலத்தில் ஒரு வண்டி நின்று
விளக்கை அணைத்தது.
என் வலக்கை தானாகத் தோளுக்குப் போனது.
தோளில் மழைக்கோட்டின் பட்டை.
இறங்கியவன் ஒரு பொடியன், தூங்கும் உடையில்,
பின்னால் கொட்டாவியோடு அப்பா.
அவன் ஏதோ கேட்டான்
என் கேட்காத காதின் பக்கமிருந்து.
திரும்பி, இன்னொரு முறை கேட்கச் சொன்னேன்.

நோட்டில்:
2.10. ஒரு வண்டி. இரண்டு பேர்.
மீன் பார்க்க.