பத்து ஆங்ஸ்ட்ராம் அருகே

நாற்பத்தேழாவது ஷாட்.
அலுமினியத் தகட்டில் லேசர் விழுந்து
ஒரு நானோநொடி இருந்துவிட்டுப் போன நெருப்பு
இப்போது என் மடியில், வெறும் கோடுகளாய்.
தங்கச்சிமடத்தில் கரண்ட் இல்லை.
மடிக்கணினியில் பதினெட்டு சதவீதம்.

பாசி எடுத்து வந்த நாத்தனார் பிரகாசி
விரல்களில் சுற்றிய துணியை அவிழ்த்தபடி
"தொடாமயா சூடு பாத்த?" என்கிறாள்.

தொட்டால், தொட்டது மிஞ்சாது.
பன்னிரண்டு எலக்ட்ரான் இழந்த அணு ஒரு கோடு போடும்,
பதினொன்றோடு தப்பியது பக்கத்தில் இன்னொன்று.
எது எவ்வளவு பளிச்சென்று பார்த்தால் போதும்.
நாற்பத்தாறு லட்சம் வரும்போல, என்றேன்.
"டிகிரியா, கடனா?"

கணக்கு மட்டும் உட்காரவில்லை.
படிகம் இம்மி சாய்ந்திருக்கிறது.
சுக்கான் சரியாகக் கட்டாத வள்ளம்போல
எல்லாக் கோடும் ஒரே பக்கம் ஒதுங்குகிறது.

அப்போதுதான் பார்த்தேன்.
பத்து ஆங்ஸ்ட்ராம் அருகே, மெலிசாக,
அலுமினியத்துக்குச் சொந்தமில்லாத ஒன்று.
சோடியம்.
கடைசி எலக்ட்ரானை மட்டும் விடாமல்
பிடித்துக்கொண்டு நின்ற சோடியம்.

போன மாதம் அந்தத் தகடு என் கைப்பையில் இருந்தது,
மூடி சரியில்லாத டப்பாவில்.
பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது
ஜன்னலைத் திறந்து வைத்தது நான்தான்.

அழுக்கு, நீக்கிவிடு என்பார்கள் ஆய்வகத்தில்.
ஆனால் சோடியம் எங்கே நிற்கவேண்டும் என்று
உலகத்துக்கே தெரியும், நாலு தசமம் வரை.
அதை அதன் இடத்தில் நிறுத்தினேன்.
மற்றவை பின்னாலேயே நகர்ந்து வந்து அமர்ந்தன.

ஒன்பது சதவீதம்.
'அளவுகோல்: பாம்பன் உப்பு' என்று அறிக்கையில் எழுதி
ஊர்ப்பெயரை மட்டும் அடித்தேன்.
பிரகாசி கை கழுவ எழுந்து போனாள்.
நல்லதண்ணி வண்டி
இன்னும் வரவில்லை.