வெளியளவில் உள்ளளவு போக

பொய்யின் ஆழம் நாலு சென்டிமீட்டர்.
குறைந்தால் கடிதம் மடங்காது,
கூடினால் கண் பிடித்துவிடும்.

லிக்டென்ஸ்டைக்கில், ஆற்றுக்கு மேலே என் பட்டறை.
வாசல் பலகையில்
மேசை, அலுமாரி, கதவு என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.
மற்றதைக் கேட்க வருகிறவர்கள்
மருந்துக்கடைக்கு வந்தவர்கள்போல்
ஆளில்லாத நேரம் பார்த்து வருவார்கள்.

ப்ருன்ஷ்வைலர் வால்நட் மேசை கேட்டார்.
மனைவிக்குத் தெரியக்கூடாது.
மூன்று கிழமை கழித்து அதே வீட்டு அன்னெலீஸ்
பாத்திர அலுமாரிக்கு வந்தாள்.
"அவருக்கு..." என்று தொடங்கினாள்.
சரி என்றேன்.
இரண்டு பற்றுச்சீட்டு, இரண்டு உறை.

எப்படிச் செய்வேன் என்று சொல்லமாட்டேன்.
இவ்வளவு சொல்லலாம்:
கைக்கு எளிதாக அகப்படும்படி
முதலில் ஒரு கள்ள லாச்சி வைப்பேன்.
அதைக் கண்டுபிடித்தவன்
தன்னை மெச்சிக்கொண்டு தேடலை நிறுத்திவிடுவான்.
அதற்குப் பின்னால்தான் மற்றது.
தை மாதம் ஹீட்டர் போட்டதும் மரம் வற்றும்,
நகம் நுழைகிற கோடொன்று விழும்.
அந்தக் கோட்டையும் கணக்கில் வைத்தே இழைக்கிறேன்.

மேசை முடிந்த கிழமைதான்
என் நாலு மில்லிமீட்டர் உளி காணாமல் போனது.
பேரிமரப் பிடி. என் உள்ளங்கைக்கென்றே தேய்ந்தது.
சில்வானைக் கேட்டேன்,
வேலை பழக வந்தவன், பதினேழு வயது.
எடுக்கவில்லை என்றான்.
மறுநாளும் கேட்டேன்.
மூன்றாம் நாள் கேட்கவில்லை,
அவனுடைய பையைப் பார்த்தபடி நின்றேன்.
போதுமாயிருந்தது.
வெள்ளிக்கிழமை ஏப்ரனை நாலாக மடித்து வைத்துவிட்டு
வாட்வீல் ரயிலேறினான். திரும்பவில்லை.

இரண்டு வருடம்.
பிறகு அந்த வீட்டில் விவாகரத்து.
சாமான் பிரித்ததில், யார் எப்படிக் கணக்குப் போட்டார்களோ,
மேசை அவளுக்கு, அலுமாரி அவருக்கு.
ஒருவர் ரகசியம் மற்றவர் வீட்டில்
பூச்சாடி சுமந்துகொண்டு நிற்கிறது.

போன ஆவணியில் அன்னெலீஸ் அழைத்தாள்.
இடது லாச்சி இறுகுகிறது,
இழுத்தால் உள்ளே என்னவோ உருள்கிறது.

இழுத்தேன். டொக்.
தள்ளினேன். டொக்.
அவள் என் முகத்தைப் பார்த்தாள்,
நான் லாச்சியைப் பார்த்தேன்.
காப்பி போட அவள் உள்ளே போனதும்
என் கட்டைவிரல் என்னைக் கேட்காமல் அழுத்தியது.

கடிதம் இல்லை.
காசு, மோதிரம், படம் எதுவும் இல்லை.
நான் பூசிய மெழுகில் ஒரு விரல்ரேகைகூட இல்லை.
அந்த மனிதர் அதைத் திறந்ததே இல்லை.
நாலு சென்டிமீட்டர் இருட்டு இருக்கிறது என்பதை
வாங்கி வைத்திருந்திருக்கிறார், அவ்வளவுதான்.
உள்ளே ஒரு சுருள் சீவல்.
பக்கத்தில்,
பேரிமரப் பிடி போட்ட என் உளி.

காப்பி இயந்திரம் இரைந்து முடிவதற்குள்
சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டேன்.
முழங்கைவரை குளிர்ந்தது எஃகு.
"சத்தம் நின்றுவிட்டதே, என்ன அது?"
"மரம்" என்றேன். "ஈரம்."
அவளும் என்னிடம் ஒன்று செய்வித்தவள்தானே,
அதற்குமேல் கேட்கவில்லை.
சர்க்கரையை என் பக்கம் நகர்த்தினாள்.

எண்பது பிராங்க் என்று எழுதிக் கிழித்தேன்.
பெட்ரோலுக்கு மட்டும் எழுதினேன்.

பட்டறையில் இந்த உளிக்கு இடமில்லை.
மூன்றுக்கும் ஆறுக்கும் நடுவே
அப்போதே புதிது வாங்கிச் செருகிவிட்டேன்.
சில்வான் இப்போது ராப்பர்ஸ்வில்லில்
சமையலறை பூட்டுகிறானாம்.
நம்பர் பழைய காலண்டரில் இருக்கிறது,
காலண்டர் இருக்கிற இடமும் தெரியும்.

உளி என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்
உப்புக்குப்பிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.
எனக்கென்று நான் செய்த மேசை,
வெளியளவும் உள்ளளவும் ஒன்று.
வருகிறவர்கள் பார்க்கிறார்கள்,
நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள்.
ஒருவரும் கேட்கவில்லை.