காற்றுக் கடன்

மீட்டர் பூட்டிய அன்று
மூன்றாம் லயத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை.
நீலச்சட்டைக்காரர்கள் இரண்டு பேர்
வீட்டுக்கு ஒன்றாய் முடுக்கிவிட்டு
எங்கள் பீலியிலேயே கை கழுவிக்கொண்டு போனார்கள்.
கணக்கில் ஏறாத கடைசித் தண்ணீர் அது.

முதல் பில் முப்பத்தெட்டு வெள்ளி.
அடுத்தது ஐம்பத்தொன்று, எழுபது காசு.
பாப்பம்மாள் அக்காவுக்கு அதைவிடக் கூட.
அந்த வீட்டில் அவரும் ஒரு பூனையும்தான்.
"பூனை ரெண்டு வேளை குளிக்குது போல"
என்றார் கவுண்டரில், சிரிக்காமல்.

எனக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ராத்திரி வேலை.
பஸ் இறக்கிவிடும்போது மணி மூன்று.
தண்ணீர் வந்தால் விழட்டும் என்று
தோம்புக்கு மேல் பீலியைத் திறந்தே வைத்துவிட்டு
லயமே தூங்கிக்கொண்டிருக்கும்.
அன்றைக்கு வாசலில் கிர்ரென்று ஒரு சத்தம்.
கைபேசி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன்:
பீலி பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது,
சொட்டில்லை,
சிவப்பு முள் ஓடிக்கொண்டிருந்தது.

ஆ செங் கடையில் ஒரு 555 வாங்கினேன்.
கடன் எழுதும் குட்டிப் புத்தகம்;
அரிசி, சீனி, பால்மாவு, பள்ளிச் சப்பாத்து
எல்லாம் எழுதிப் பழகிய புத்தகம்.
முதல் பக்கத்தில் எழுதினேன்:
கடன்காரர்: நீர் இலாகா.
சரக்கு: காற்று.

பதினேழு இரவு.
மூன்று பத்து. மூன்று நாற்பது. நான்கு.
ஒன்பதாம் இரவு மழையில் மை கரைந்துவிட்டது.
அதை நான் கூட்டவில்லை.

கடைசி அறையில் தங்கியிருக்கும்
வங்காளதேசத்துப் பையன்
மனுவில் கையெழுத்துப் போடப் பயந்தான்.
சிகரெட் அட்டையில் தன் மீட்டர் எண்களை எழுதி
என் செருப்புக்கடியில் வைத்துவிட்டுப் போனான்.
அதையும் சேர்த்துக்கொண்டேன்.

பாலாய் ராயாவில் கூட்டம்.
அதிகாரியின் மேசையில் ஆறு போத்தல் தண்ணீர்.
"மீட்டர் பொய் சொல்லாது" என்றார் மலாயில்.
"ஒளு எடுக்கப் பீலியைத் திறந்தால்
எனக்கும் காற்றுதான் வருது"
என்று எழுந்தார் காக் ரொஹானி.
டிராக்டர் மாசிலாமணி பின்னாலிருந்து கத்தினார்:
"செம்பனை ஆலை ஆத்துல எடுக்குதே,
அதுக்கு எங்கய்யா மீட்டர்?"
நான் 555-ஐ வாசித்தேன்.
வரிவரியாக, மணியோடு.
கொட்டாவி விட்டவர்கள்கூட
எட்டாம் இரவுக்குப் பிறகு விடவில்லை.

சோதித்துப் பார்க்கலாமாம்.
சோதனைக்குக் கட்டணம் ஐம்பது வெள்ளியாம்.
அப்போதுதான் மண்டபம் முதல்முறையாகச் சிரித்தது.
அந்தச் சிரிப்பு அவருக்குப் புரியவில்லை,
ஒரு போத்தலைத் திறந்தார்.

இந்த மாதம் எல்லா மீட்டர் மேலும்
மைலோ டின் கவிழ்ந்திருக்கிறது.
எண் எடுக்க வருகிறவன்
ஐந்தாம் லயத்துத் தவசீலன்.
தூக்கவா வேண்டாமா என்று நிற்கிறான்.
அவன் அம்மா வீட்டு வாசலிலும் ஒரு டின்.
நல்ல வெயில்.
டின்னுக்குள் கிர்ர்.

என் 555-இல்
இன்னும் பதினொரு பக்கம் இருக்கிறது.