படிவத்தின் ஒன்பதாம் கேள்வி

போடி ரயில் அரசரடியைத் தாண்டும்போது
தவசியாண்டி எழுந்து உட்கார்ந்துவிடுவார்.
"உசிலம்பட்டி வந்தா சொல்லுப்பா."
மூத்திரப் பையை மஞ்சப்பை மாதிரி
மடியில் எடுத்து வைத்துக்கொள்வார்.
"சொல்றேன், படுங்க" என்பேன்.

மதுரை ஜெயில், ஆஸ்பத்திரி பிளாக்.
ஏழு கட்டில், ஓடுகிற மின்விசிறி ஒன்று.
நான் நோயாளி இல்லை.
குளிப்பாட்ட, ஊட்ட, பீ அள்ள
நாள்கூலிக்குப் போட்டிருக்கிற ஆள்.
எனக்கும் ஆயுள்தான்.
என் கதை இதில் வேண்டாம்.

ஞாபகம் கரையத் தொடங்கிய புதிதில் கேட்டார்:
"என்னைய எதுக்குப்பா இங்க வச்சிருக்காக?"
உள்ளதைச் சொன்னேன்.
மோட்டார் முறைத் தகராறு, கிணற்றுமேடு,
மண்வெட்டிக் காம்பு, சோணைமுத்து.
பத்தொன்பது வருஷத்துச் சாவு
அப்போதுதான் காதில் விழுந்ததுபோல்
தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.
"அவன் எம் பங்காளிடா."
லாக்கப் எண்ணிக்கை எடுப்பதற்குள் மறந்துபோனார்.
மறுநாள் கேட்டார். சொன்னேன். அழுதார்.
அதற்கும் மறுநாள்.

நான்காம் நாள் என்னால் முடியவில்லை.
"இது பெரியாஸ்பத்திரி. புண்ணு ஆறுனதும் அனுப்பிருவாக."
ஜன்னல் வழியே மதிலை அண்ணாந்து பார்த்தார்.
"தர்மாஸ்பத்திரிக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய கோட்டை?"
மூன்று பல்லும் தெரியச் சிரித்தார்.

இரண்டு வருஷம்
அந்தப் பொய்யில் நன்றாக உறங்கினார்.

பிறகு படிவம் வந்தது.
எழுபது தாண்டியவர்கள், தீராத நோயாளிகள்,
முன்விடுதலைக்குப் பரிசீலனை.
வயது, எடை, நோய், நடத்தை,
ஏற்றுக்கொள்ள வீட்டில் ஆள் உண்டா.
மகள் செக்கானூரணியிலிருந்து வந்து
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.
ஒன்பது: செய்த குற்றத்துக்கு வருந்துகிறாரா?

ஜெயிலர் என்னைக் கூப்பிட்டார்.
"கமிட்டி முன்னாடி பெருசு திருதிருன்னு முழிக்கும்.
பதினஞ்சு நாள் இருக்கு. சொல்லிக் குடு."

சொல்லிக் கொடுத்தேன்.
காலையில் கஞ்சிக்கு முன்னால் ஒரு தடவை,
மாலையில் டியூப் கழுவும்போது ஒரு தடவை.
யாரைக் கொன்னீக?
"நானா?"
சோணைமுத்தை.
முப்பது தடவை செத்தான் சோணைமுத்து.
முப்பது தடவையும்
இழவு சொல்லிப் போனவன் நான்.
கஞ்சி பாதியாயிற்று. எடையில் இரண்டு கிலோ போயிற்று.
ஏழாம் கட்டில் ஆள் இருட்டுக்குள்ளிருந்து கத்தினான்:
"விடுறா அந்த மனுசன, கொலகாரப் பயலே!"
பிளாக்கில் எல்லோருமே கொஞ்ச நேரம்
மூச்சுவிடாமல் படுத்திருந்தோம்.

கமிட்டி நாள்.
தேய்த்த சட்டை போட்டு, தலை சீவி,
சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன்.
மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர்,
ஐந்து தண்ணீர் பாட்டில்.
"பெரியவரே, சோணைமுத்துவத் தெரியுமா?"
முகம் தெளிந்தது. எனக்கு நெஞ்சடைத்தது.
"தெரியாமயா? எம் பங்காளிதான.
நல்லாருக்கானா?
நான் ஆஸ்பத்திரியில கெடக்கேன்,
ஒரு எட்டு வந்து பாக்கலையே அவன்."

ஒரு பேனா நின்றது.
அப்புறம் எழுதியது.
என்ன எழுதியது என்று
நாற்காலி தள்ளுகிறவனுக்குக் காட்டமாட்டார்கள்.

திரும்பும்போது
வேப்பமரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார்.
என் கையைப் பிடித்து
"நீ எதுக்குப்பா அழுகுற?
உன்னைய எதுக்கு இங்க வச்சிருக்காக?"

சொன்னேன்.
பேர், ஊர், தேதி,
வக்கீலிடம்கூடச் சொல்லாதது வரைக்கும்.
சாயந்திரத்துக்குள் மறந்துவிடுவார் என்ற தைரியத்தில்
ஒன்றுவிடாமல் சொன்னேன்.