விருந்தாளி வந்தால் எழ வேண்டும்

அன்று காலை கோமளம்
இஸ்திரி போட்ட சட்டையை எனக்கு மாட்டிவிட்டாள்.
நீலக் கட்டம். மகன் கல்யாணத்துக்கு எடுத்தது.
வருகிறவர் டாக்டராயிற்றே.

கதவு திறந்ததும் எழுந்தேன்.

அதுதான் நான் செய்த தப்பு.

மேசை விளிம்பை இடது கையால் பற்றி
பல்லைக் கடித்துக்கொண்டு
நாலு மூச்சு நின்றேன்.
அந்தப் பெண்ணுக்குப் பெயர் சியூ,
என் மகன் வயதுகூட இருக்காது,
‘உட்காருங்கள் அங்கிள்’ என்று ஆங்கிலத்தில் பதறியது.
பதறிக்கொண்டே எதையோ குறித்தும் கொண்டது.

கேட்டது ஆறு விஷயம்.
குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது,
கழிவறை, நடப்பது,
கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது.
மூன்று முடியாவிட்டால் மாதப் பணம்.
இரண்டுதான் முடியவில்லை என்றால்
நான் தேறிவிட்டேன்.

முடியுமா என்று யார் கேட்டாலும்
‘சமாளிச்சுக்குவேன்’ என்றுதான் எனக்கு வாயில் வரும்.
தஞ்சோங் பகாரில் இருபத்தாறு வருடம்
பளுதூக்கியின் உச்சியில் உட்கார்ந்து
நாற்பது டன் பெட்டியை
முட்டை வைப்பதுபோல் இறக்கியவன்
ஒரு கரண்டியைப் பற்றி வேறென்ன சொல்வான்?
சமாளிப்பது ஆங்கிலத்துக்குள் போனதும்
முடியும் என்று ஆகிவிட்டது.

அவர் மின்தூக்கியில் கீழ்த்தளத்தை எட்டுவதற்குள்
நான் சமையலறை வாசலில் விழுந்திருந்தேன்.
பக்கத்து வீட்டு நோராய்னி ஓடிவந்து
ஒரு பக்கம் தூக்கினாள்.
அது எந்தத் தாளிலும் இல்லை.

மூன்றாம் வாரம் கடிதம்.
அடுத்த மாதத்திலிருந்து பணம் இல்லை.
ஆட்சேபம் இருந்தால் மேல்முறையீடு செய்யலாம்.
மரியாதையான கடிதம்தான்,
குறை சொல்ல முடியாது.

கோமளம் பழைய மளிகைக் கணக்கு நோட்டை எடுத்தாள்.
முதலில் தமிழில்.
பிறகு நோராய்னியின் மகள் பார்த்துக்கொள்வாளாம்,
பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள்,
தமிழ் தெரியாது, கோமளம் பாதி மலாயில் சொல்லிவிடுவாள்.
‘உள்ளதை எழுதட்டுமா?’
‘எழுது.’

நாலு ராத்திரி எழுதினாள்.
ஐந்தாம் நாள் சத்தமாக வாசித்தாள்.

இரவு இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பேன்.
நாலரைக்கு இன்னொரு தடவை.
பொத்தான் நான்தான் போடுவேன்.
மீனில் முள் எடுத்து வைப்பேன், இருந்தும் ஒரு நாள் புரையேறி
உதடு நீலமாகிவிட்டது.
கழிவறையில்

இங்கே நிறுத்தி என்னைப் பார்த்தாள்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
காத்திப் பக்கமிருந்து ரயில் வந்தது,
எங்கள் மாடி உயரத்தில்,
விளக்கு போட்ட பெட்டி பெட்டியாய்,
எல்லோரும் நின்றுகொண்டு போகிறார்கள்.
கடைசிப் பெட்டி மறைந்ததும்
விட்ட இடத்திலிருந்து வாசித்தாள்,
குரலைக் குறைக்காமல்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வரி.
மார்ச் மாதம் தோள்பட்டையில் ஊசி போட்டார்கள்,
அதற்கப்புறமும் தூக்குகிறேன்.

‘யாருக்குப் போட்டார்கள்?’ என்றேன்.

‘எனக்கு’ என்றாள்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
சந்தையில் கூட்டம் என்று
மதியம் தாண்டி வந்தாள்.
நாலு மீன்கூட வாங்காமல் என்ன சந்தை என்று
நான் சத்தம் போட்டிருந்தேன்.

இன்றைக்கு மறுபடி வருகிறார்கள்.
வேறு டாக்டராம்.
நீலக்கட்டச் சட்டை அலமாரியிலேயே கிடக்கிறது.
கஞ்சிக் கறை போகாத பனியன் போட்டிருக்கிறேன்,
தினமும் போடுவதுதான்.
‘நடிக்க வேணாம்’ என்கிறாள் கோமளம்.
‘நான் எங்கே நடித்தேன்?’
‘நல்லா இருக்கிற மாதிரி.’

மணி அடிக்கிறது.

அவள் கதவுக்குப் போகிறாள்.
எனக்குள் முழங்கால் தரையைத் தேடுகிறது,
இடது கை மேசை விளிம்புக்குப் போய்விட்டது.
வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம்.

கையை விளிம்பிலிருந்து எடுத்து
மடியில் வைக்கிறேன்.
இருபத்தாறு வருடத்தில்
இவ்வளவு கனமான ஒன்றை இறக்கியதில்லை.

‘வாங்க’ என்கிறேன்,
உட்கார்ந்தபடி.